தோளில் முளைத்த தீவுச் செடி

கப்பல் சமையல்காரர் வேலையை விட்டு வீட்டோடு வந்துவிட்ட இரண்டாவது வாரம், அவருடைய இடது தோளில் ஒரு செடி முளைத்தது. முளைத்தது முளைத்தாயிற்று, இனி என்ன செய்ய என்று தையல்காரியான அவர் மனைவி எல்லாச் சட்டைகளிலும் தோள்பட்டையில் ஓட்டை வெட்டி, நூல் பிரியாமல் சுற்றிலும் நெருக்கமாகத் தைத்துக் கொடுத்தாள். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவருக்கு நிதானமாக அளவெடுக்க அவளுக்கு வாய்த்ததே அப்போதுதான். மனுஷன் வீட்டில் இருந்த நாட்களை எல்லாம் சேர்த்தாலும் ஒரு குழந்தை நடை பழகும் காலம்கூடத் தேறாது. அவரும் இரண்டு பேருக்கு உலை வைக்கத் தெரியாமல் கப்பலுக்கே சோறு வடிப்பார். தெருவே வந்து சாப்பிட்டுவிட்டு, செடியையும் நலம் விசாரித்துவிட்டுப் போகும்.

மொட்டு விட்ட கையோடு இலைகள் வாடத் தொடங்கின. கூடவே அவரும் வாடினார். சட்டைகளை எல்லாம் பிடித்துத் தைக்க வேண்டியதாயிற்று. தாவரவியல் பேராசிரியை ஒருவர் வந்து பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். ஆள் அரவமே இல்லாத தூரத்துத் தீவுகளில் மட்டும் வளர்கிற செடி இது, கப்பல் அங்கே நின்றபோது விதை ஒட்டியிருக்கும் என்றார். வேர் நெஞ்சுவரை இறங்கிவிட்டதால் பிடுங்கவும் முடியாதாம்.

“சுத்தி நாலு பக்கமும் கடல் இருந்தாத்தான்மா ரெண்டும் பிழைக்கும். இவரைத் தீவுக்கே அனுப்பிடுங்க.”

சமையல்காரர் பரண்மேல் இருந்த பெட்டியை இறக்கித் தூசி தட்டினார். அவள் ஊசியைத் துணியில் குத்திவிட்டு எழுந்தாள். அவளுக்குக் கோபம் வந்தால் அழுகையும் வரும்.

“அதெல்லாம் அனுப்ப முடியாது. இவரைக் கடலுக்குக் கொடுத்தது போதும். வேணும்னா அது இங்க வரட்டும்.”

வந்தது. மறுநாள் காலை, முக்கில் இருந்த சலூன் பக்கமாகத் திரும்பி, தெரு நடுவே ஓடிவந்து, வேறு யார் வாசலையும் நனைக்காமல், அந்த வீட்டை மட்டும் சுற்றி நின்றது. எதிர்வீட்டுக்காரர் ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்து, கடல்தான் என்று ஒப்புக்கொண்டார். நகராட்சி ஆட்கள் ஆழம் பார்த்துவிட்டு, படகு கட்ட ஒரு கம்பம் நட்டுக் கொடுத்தார்கள். மதியத்துக்குள் மொட்டு விரிந்தது. நீலம் என்றும் சொல்ல முடியாது, ஊதா என்றும் சொல்ல முடியாது. அந்த நிறத்தில் அவளிடம் நூல் இல்லை. அவர் முகத்தில் களை திரும்பியதைப் பார்த்து அவளுக்கு மறுபடியும் அழுகை வந்தது, இந்தத் தடவை கோபம் இல்லாமல்.

இப்போது அவர் வெங்காயம் வாங்கக்கூடப் படகில்தான் போகிறார். முன்பு துறைமுகத்தில் நின்று வழியனுப்பியது போலவே அவள் வாசலில் நின்று, படகு முக்கு திரும்பும்வரை கையசைக்கிறாள். அரை மணியில் வெங்காயத்தோடு வந்துவிடுகிறார்.