பிபினின் கடல்விளக்கு

பழைய சாமான் வாங்கும் ஆக்கர்க்கடையில் பொறுக்கிய செம்புக் கம்பி, செத்துப்போன டார்ச் செல்லை அறுத்தெடுத்த துத்தநாகத் தகடு, நாலு மாத்திரைக் குப்பி, ஒரு சின்னச் சிவப்பு பல்பு. பிபின் செய்த விளக்கு அவ்வளவுதான். கழுத்தில் மாட்டிக்கொண்டு கடலில் விழுந்தால், குப்பிகளின் ஓட்டை வழியாகத் தண்ணீர் உள்ளே போய்த் தானாக எரியும்; இருட்டில் ஆள் கிடக்கிற இடத்தைக் காட்டும்.

"உப்புத்தண்ணியில கறண்டு வருமுண்ணா, கடலுக்கு மீட்டர் வைக்கணும்லே" என்று சஜின் கேலி செய்தான். ஒரே வள்ளத்தில் தொழிலுக்குப் போகிற கூட்டாளி அவன். பிபினின் மனைவி டெல்சிக்குக் கூடப்பிறக்காத அண்ணன்.

கெட்ட காலம் சொல்லிக்கொண்டா வரும்? தேங்காய்ப்பட்டணம் முகத்துவாரத்தில், விடியுமுன் வள்ளம் கவிழ்ந்தது. பின்னால் வந்த வள்ளத்துக்காரர்கள் சஜினைத் தங்கள் வள்ளத்தில் தூக்கிப் போட்டார்கள். கேலி செய்த அதே வாயால் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டு, அந்தச் சிவப்பு வெளிச்சத்தைத் தேடினான். கண் பூத்ததுதான் மிச்சம். வெளுத்தபின் பிபின் கிடைத்தான், கூப்பிடு தூரத்தில், உயிரில்லாமல். விளக்கு கழுத்திலேயே கிடந்தது.

கழற்றியபோது சஜினின் விரல் வழுக்கியது. தகடு, கம்பி எல்லாவற்றிலும் எஞ்சினுக்குப் பூசுகிற கிரீஸ், அப்பி அப்பிப் பூசியிருந்தது. தண்ணீர் தகட்டைத் தொட்டால்தானே கறண்டு? யார் பூசியிருப்பார்கள் என்று அவனுக்குத் தெரியும். அரிவாளோ கத்தரிக்கோலோ, உப்புக்காற்று தின்றுவிடும் என்று எதையும் பூசாமல் வைக்கமாட்டாள் டெல்சி. நல்லது நினைத்த கையே வினை வைத்துவிட்டது, பாவம். யாரும் பார்க்குமுன் விளக்கைக் கடலில் எறிந்தான்.

அடக்கம் முடிந்து ஆட்கள் கலைந்தபின் டெல்சி அவனிடம் வந்தாள்.

"அண்ணே, அந்த விளக்கு எரிஞ்சுதா? துருப்பிடிக்கப்பிடாதுண்ணு முந்தின நாளு நான்தான் கிரீஸ் போட்டுக் குடுத்தேன்."

உண்மையைச் சொன்னால் இவள் உயிரோடு இருப்பாளா?

"எரிஞ்சுது மக்கா. நல்லா எரிஞ்சுது."

"மாதாவே" என்று மூச்சுவிட்டாள். அழுது வீங்கிய முகம் கொஞ்சம் தெளிந்தது. போதும் என்று அவன் எழுந்தான். அதற்குள் அவள் முகம் மாறிவிட்டது.

"அப்பம், நீங்க கண்டீங்களா?"

"கண்டேன்."

"கிட்டத்துலயா?"

"கூப்பிடு தூரத்துலதான்."

"கண்டுமா அவரை விட்டுட்டு வந்தீங்க?"

கிரீஸ் என்று ஒரு சொல் சொன்னால் தப்பித்துவிடலாம். அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினான்.

"பயந்துட்டேன் மக்கா. அலை பெருசா இருந்துது."

அதன்பிறகு டெல்சி அவனை அண்ணே என்று கூப்பிடவேயில்லை.