தளர்ந்ததாகச் சொன்ன நீரோட்டம்

...தளர்ந்துவிட்டது என்றுதானே நேசன் எழுதினான், இந்தியப் பெருங்கடலின் ஆழத்து நீரோட்டம் நாற்பது ஆண்டுகளில் தளர்ந்துவிட்டது என்று, அந்த ஒரு வரிக்குத்தான் ஜெர்மனியில் பேராசிரியர் வேலை, அந்த வேலைக்குத்தான் இன்று சித்தூர் பக்கத்துக் குடிபாலா சர்ச்சில் ஸ்தோத்திர ஜெபம், வெளியே பந்தலில் பிரியாணி... லோயிஸ் பெண்கள் பக்கம் முதல் வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். சபைப் போதகர் ஐயர் ஜெபித்துக்கொண்டே இருந்தார். பக்கத்தில் மாமியார், மகன் நேசகுமாரின் பெயர் வரும்போதெல்லாம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைக்கட்டும், அவளுக்கென்ன தெரியும். கடலுக்குள்ளும் ஆறு மாதிரி நீர் ஓடுகிறது என்று ஒருமுறை சொன்னதற்கு நாத்தனார் ஷோபா எப்படிச் சிரித்தாள், "உப்புத் தண்ணிலே ஏது அண்ணி ஆறு?" என்று... அப்போது நேசனும் சேர்ந்து சிரித்தான், திருப்பதியில் வாடகை வீட்டின் ஒரே மேஜையில் இருவரும் கடலோட்டத்தைக் கணிக்கும் கணினி மாடலைக் கட்டிய காலம். பழைய கப்பல்கள் அளந்தவை, பிறகு வந்த மிதவைக் கருவிகள் அளந்தவை, எல்லாவற்றையும் கணினிக்கு ஊட்டி, அதுவே கற்றுக்கொண்டு ஓட்டத்தைச் சொல்லட்டும் என்று காத்திருந்தார்கள். சொல்லிற்று, தளர்ந்துவிட்டதென்று. அவளுடைய அப்பா, நைனா, பக்கவாதத்தில் விழுந்தார், அவள் தங்கினாள், அவன் ஆராய்ச்சிக்கு ஜெர்மனி போனான். கட்டுரை வந்தபோது அவள் பெயர் அதில் இல்லை. "இங்கே வேலை செய்றவங்க பேருதான் போடுவாங்க லோயி, பெருசா எடுத்துக்காத." எடுத்துக்கொள்ளாமல் எப்படி, இரண்டு வருஷம் அதைத்தானே மென்றுகொண்டிருந்தாள், நைனாவுக்குக் கஞ்சி ஊட்டும்போதும், கல்லூரியில் தற்காலிக வேலையில் பாடம் எடுக்கும்போதும்...

போன வாரம் ஒரு சந்தேகம் வந்தது. முன்பெல்லாம் அளவுகள் கொஞ்சம், மிதவைகள் வந்தபிறகு ஏராளம். ஏராளமானதைக் குறைத்து, பழைய காலத்துக் கணக்கிலேயே கொடுத்துப் பார்த்தால்? கொடுத்தாள். தளர்ச்சியைக் காணோம். மாறியது கடல் அல்ல, அளந்த விதம். மாடல் அதைத்தான் கற்றுக்கொண்டு கடல்மேல் பழி போட்டிருந்தது. பார்த்ததும் முதலில் வந்தது சிரிப்பு, ஆமாம், சந்தோஷம்தான், அதை யாரிடம் சொல்வது... இன்று காலை சித்தூர் பஸ் ஸ்டாண்டில் நின்று போனில் அவனிடமே சொன்னாள், கண்டக்டர்கள் "வேலூரு, வேலூரு" என்று கத்திக்கொண்டிருந்ததால் இவளும் கத்த வேண்டியிருந்தது, "அந்த ரிசல்ட் தப்பு நேசா, ஓட்டம் தளரவே இல்ல." அவன் சொன்னான், "நான் வேலைல சேர்ந்துக்கிறேன் லோயி, அப்பறம் நானே எழுதிடறேன். அதுவரைக்கும் யார்கிட்டயும் பேசிக்கினு இருக்காத. அம்மாகிட்ட ஒண்ணும் காட்டிக்காத."

"சம்சாரம் ரெண்டு வார்த்தை சாட்சி சொல்லட்டும்," என்றார் ஐயர். மாமியார் முழங்கையால் இடித்தாள், "போம்மா, எல்லாரும் பாத்துக்கினு கீறாங்க பாரு." எழுந்தாள். மைக் கரகரத்தது. சொல்லிவிடலாமா, இந்தச் சபை முன்னால், தெலுங்கிலும் தமிழிலும், உங்கள் பிள்ளை எழுதியது... யாருக்குப் புரியும், புரிந்தாலும் பிரியாணி ஆறாதா? "இவ்வளவு தூரம் நடத்தின கர்த்தருக்கு ஸ்தோத்திரம்," என்றாள். ஆமென் என்றார்கள். திரும்பி வந்து உட்கார்ந்தபோது மாமியார் அவள் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள், "நல்லா சொன்னம்மா." அந்தக் கை சூடாக இருந்தது, அதைத் தாங்க முடியவில்லை, வேறெதையாவது நினைக்கவேண்டும், காலையில் அவன் பேசியதை... எப்படிக் கண்டுபிடித்தாய் என்று அவன் கேட்கவே இல்லை. நிச்சயமா என்றுகூட. காற்புள்ளிக்கே கேள்வி கேட்பவன். அப்படியென்றால் முன்பே தெரியும். எப்போதிலிருந்து? கட்டுரை அனுப்பும்போதேவா? தெரிந்துதான் என் பெயரை எடுத்தானா, வெளியே வந்தால் நானும் மாட்டக்கூடாதென்று... அல்லது பெயரையும் பறித்துக்கொண்டு, பொய்யென்று பிறகுதான் தெரிந்துகொண்டானா? கேட்டால் சொல்வான், நல்லதாகத் தோன்றுவதைச் சொல்வான். எல்லோரும் பந்தலுக்கு எழுந்தார்கள். அவள் எழவில்லை. என்னைக் காப்பாற்ற எடுத்ததாக இருக்க வேண்டாம், திருடியிருக்கட்டும், திருடியே இருக்கட்டும் என்று உள்ளே எதுவோ மன்றாடிக்கொண்டிருப்பது கேட்டது, ஏன் அப்படி என்று அவளுக்கே விளங்கவில்லை.