சுருக்கத்தில் கை வைக்காதே

இஸ்திரியக்காவுக்கு உலகத்தில் ஒரே ஒரு எதிரி. அது சுருக்கம். முப்பத்தோரு வருஷமாகச் சலவைக்கடை நடத்துகிறாள். நீராவிப் பெட்டியைக் கையில் எடுத்தால் காலர், கை, முதுகு என்று ஒரு சட்டையை மூன்று நிமிஷத்தில் முடித்துவிடுவாள். கெட்ட பழக்கம் என்னவென்றால், அந்தக் கை கடையோடு நிற்காது. பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் யார் எவர் என்று தெரியாமலே அவருடைய சட்டைக் கையை இழுத்து நீவிவிடுவாள். கண் டாக்டர் வருத்தமான சேதியைச் சொல்லிக்கொண்டிருந்தபோதுகூட, மேஜைக்கு இந்தப் பக்கமிருந்து எட்டி அவருடைய வெள்ளைக் கோட்டுப் பையை ஒரு தடவை நீவிவிட்டுத்தான் இன்னும் எவ்வளவு நாள் என்று கேட்டாள்.

சேதி அவள் கணவரைப் பற்றியது. பதினேழாம் எண் பேருந்தை இருபத்தாறு வருஷம் ஓட்டியவர். அதனால் தெருவே அவரைப் பதினேழார் என்றுதான் கூப்பிடும். இரண்டு கண்ணும் ஓரத்திலிருந்து இருட்டிக்கொண்டு வந்தன. போன பார்வை திரும்பாது, நடுவில் மங்கலாக மிச்சமிருப்பது இந்த வருஷக் கடைசிவரை தாங்கினால் அதிகம் என்றார் டாக்டர்.

பதினேழார் அழவில்லை. வீட்டுக்கு வந்ததும் பின்னறைக்குப் போய்த் தன் பேருந்தைத் துணியால் மூடி வைத்தார். அதைப் பார்த்து அக்காதான் அழுதாள்.

பேருந்து என்றால், அவர் ஓட்டிய அதே வண்டியின் சின்ன உருவம். முழங்கை நீளம். பிளாஸ்டிக் தகட்டை வெட்டி, ஒட்டி, நாலு வருஷமாகச் செய்தது. நிஜ வண்டியின் பக்கத் தகட்டில் எத்தனை ரிவிட் ஆணி உண்டோ அத்தனையும் இதிலும் உண்டு, ஒவ்வொன்றும் கடுகில் பாதி. நீல வண்ணம் அடித்து, மேலே பளபளவென்று வார்னிஷும் பூசியாகிவிட்டது. பாக்கி ஒன்றே ஒன்றுதான். இரண்டு பக்கமும் டிப்போவின் சின்னம் வர வேண்டும்: வெள்ளையில் ஒரு ஸ்டியரிங் வளையம், அதற்குள் 17, அடியில் வண்டி எண். தீப்பெட்டி அளவு. அதைக் கையால் எழுத முடியாது. தண்ணீரில் நனைத்தால் காகிதத்திலிருந்து வழுக்கிக்கொண்டு வருகிற மெல்லிய படமாக அச்சடித்து ஒட்ட வேண்டும். டெக்கால் என்பார்கள். தெரிந்த அச்சுக்காரர் ஒருவர் அன்புக்காக இரண்டே இரண்டு அடித்துக் கொடுத்திருந்தார். வெள்ளை மை அடிக்கும் அந்த மெஷின் அடுத்த மாதமே படுத்துவிட, அவரும் வேறு தொழிலுக்குப் போய்விட்டார். ஆக, இன்னொன்று கேட்க நாதியில்லை.

"நான் ஒட்டறேன்" என்றாள் அக்கா.

"உன் கை சும்மா இருக்காது. வேண்டாம்" என்றார் பதினேழார்.

அவள் ஒற்றைக்காலில் நின்றாள். பேருந்து முடிந்திருப்பதை அவர் தன் கண்ணால் ஒருநாளாவது பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு. கண் போன பிறகு முடித்து யாருக்குக் காட்டுவது? மூன்று நாள் நச்சரிப்புக்குப் பிறகு மனுஷர் இறங்கிவந்து விவரம் சொன்னார். இரண்டு சின்னப் புட்டிகள். நீல மூடி போட்டதைத் தகட்டில் முதலில் தடவ வேண்டும், படம் அடியில் காற்றுப் புகாமல் பிடித்துக்கொள்ளும். சிவப்பு மூடி போட்டது இளக்குகிற மருந்து. ஒட்டிய படத்தின் மேல் அதைத் தடவினால் படம் வெண்ணெயாக இளகி, ஆணி, விளிம்பு எல்லாவற்றின் மேலும் தானே படிந்துவிடும். படியும் முன்னால் ஒரு கூத்து நடக்கும். படம் கண்டபடி சுருங்கும். வீணாய்ப் போய்விட்டது என்றே தோன்றும். அப்போது தொடக் கூடாது. இளகின படம் விரல் பட்டால் கிழியும்.

கடைசி விஷயத்தை அவர் மூன்று தடவை சொன்னார். அவளும் மூன்று தடவை தலையாட்டினாள்.

கடை விடுமுறையன்று மத்தியானம் இடது பக்கத்தை எடுத்தாள். நனைத்தாள், நீல மூடி தடவினாள், தூரிகை நுனியால் படத்தை வழுக்கி இறக்கி, மயிரிழை பிசகாமல் நிறுத்தினாள். பஞ்சால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தண்ணீரை ஒற்றி எடுத்தாள். அவ்வளவும் சுத்தம். பிறகு சிவப்பு மூடியைத் திறந்து தடவினாள். ஒரு நிமிஷம் ஒன்றும் இல்லை. அடுத்த நிமிஷம் வளையம் நெளிந்தது, 17இன் ஏழு மடங்கியது, ஒன்று குறுக்கே மடிந்தது. மழையில் நனைந்து மூட்டைக்குள் கிடந்த சட்டை மாதிரி ஆகிவிட்டது அந்தச் சின்னம். அவள் மனசு தொடாதே என்றுதான் சொன்னது. கட்டைவிரல் மனசிடம் கேட்கவில்லை. முப்பத்தோரு வருஷப் பழக்கத்தில் அது போய், அழகாக, இடமிருந்து வலமாக ஒரு நீவு நீவியது.

வளையம் மூன்று துண்டாகி, தன் மேலேயே சுருண்டு ஒட்டிக்கொண்டது.

சன்னலோரம் உட்கார்ந்திருந்த பதினேழாருக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. ஆனால் அறையில் விழுந்த அமைதி அவருக்குக் கேட்டது.

"கை வெச்சுட்ட" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு. போனால் போகட்டும், பெட்டிக்குள் வைத்துவிடு, என் கண்ணுக்கு இவ்வளவுதான் என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனார். அந்தக் கடைசி வார்த்தைதான் அவளை உலுக்கியது. அவள் அவமானத்தில் ஒரு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு இன்னொரு படம் இருக்கிறது என்று தனக்குத்தானே உரக்கச் சொல்லிக்கொண்டு எழுந்தாள்.

அவருடைய பழைய பெட்டிகளில் முன்பு செய்த விமான மாதிரிகளில் மீந்துபோன டெக்கால் படங்கள் கிடந்தன. நட்சத்திரம், எண், கோடு. சமையலறையிலிருந்து எவர்சில்வர் கரண்டிகளைக் கொண்டுபோய்க் கடையில் அடுக்கினாள். கரண்டி முதுகு வளைவு, அதன் மேல் பசையால் நாலு பொட்டு வைத்தால் ரிவிட் ஆணிக்குப் பதில். ஒரு துணியைத் தேய்த்து முடித்து அடுத்ததை எடுக்கும் முன் கரண்டியில் ஒரு நட்சத்திரம் ஒட்டினாள். முதல் நாள் ஐந்து கரண்டி. ஐந்திலும் கட்டைவிரல் முந்திக்கொண்டது. வீட்டில் கலக்குவதற்குக் கரண்டி இல்லாமல் பதினேழார் பேனாவால் டீ கலக்கிக் குடித்தார். எதற்கு இதெல்லாம் என்று கேட்டதற்கு, அப்புறம் சொல்கிறேன் என்றாள்.

மறுநாள், தேய்க்கக் கொடுத்த கோட்டை வாங்க ஒரு ஆள் வந்தார். அவசரம். பெட்டிக்கு அடியிலிருந்து அப்போதுதான் எடுத்த கோட்டை நாலாக மடித்துப் பைக்குள் திணிக்கப் போனார். அக்கா அதட்டினாள். "சூட்டோட மடிச்சா வீடு போய்ச் சேர்றதுக்குள்ள சுருங்கிடும். தொங்கட்டும், ஆறட்டும். உட்காருங்க." அந்த ஆள் பயந்து உட்கார்ந்தார். சொன்ன வாய்க்குச் சொன்னது உறைத்தது. ஆக்கப் பொறுத்தவருக்கு ஆறப் பொறுக்கவில்லை என்று ஊரையே திட்டுகிறவள், தானே ஆறப் பொறுக்காமல் ஐந்து கரண்டியைப் பாழாக்கியிருக்கிறாள்.

அன்றிலிருந்து கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். மருந்து தடவி ஒரு நிமிஷத்தில் நெளிகிறது. நாலில் பார்க்கச் சகிக்கவில்லை. பன்னிரண்டில் மனசு மாறுகிறது. இருபதில் படுத்துவிடுகிறது. இதைத் துணிக்கணக்கு எழுதும் அட்டையின் பின்பக்கம் எழுதி, நிமிஷத்துக்கு நேரே கோடு போட்டாள். கை அரித்தால் ஒரு தலையணை உறையை எடுத்து இஸ்திரி போட்டாள். அந்த வாரம் தெருவில் தலையணை உறை கொடுத்தவர்களுக்கெல்லாம் இரண்டு தடவை தேய்த்தது போய்ச் சேர்ந்தது. பதினான்காவது கரண்டியில் நட்சத்திரம் வண்ணம் அடித்தது போலப் படிந்து, பொட்டு நாலும் அதனூடே துருத்திக்கொண்டு நின்றன.

அடுத்த விடுமுறையன்று பேருந்தைத் திரும்பவும் மேஜை மேல் வைத்தாள். இடது பக்கத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பிவிட்டாள், அதைப் பார்க்கத் தெம்பில்லை. இது முடிந்ததும் அந்தக் கிழிசலைச் சுரண்டி எடுத்து வெறுமையாகவே விட்டுவிடுவது என்று முடிவு.

பதினேழாரை எதிரே உட்காரவைத்து நடந்ததைச் சொன்னாள். கரண்டிக் கதையைக் கேட்டு அவர் சிரித்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தார். ஆனால் அவள் புட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டதும் அவர் முகம் இறுகிவிட்டது.

நனைத்தாள், இறக்கினாள், நிறுத்தினாள், ஒற்றினாள். வளையம் இரண்டு வரிசை ஆணிக்குக் குறுக்கே, தகடும் தகடும் சேருமிடத்தில் மேடாக நின்ற ஒரு விளிம்பின் மேலாகக் கூடாரம் போட்டது மாதிரி நின்றது. சிவப்பு மூடி. ஒரே தடவல். தூரிகையைக் கீழே வைத்தாள். இரண்டு கையையும் அவர் பக்கம் நீட்டினாள்.

"பிடிச்சுக்கங்க. நானே கேட்டாலும் விடாதீங்க."

ஸ்டியரிங் பிடித்த கை, லேசில் விடுமா? மணிக்கட்டோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அவள் பார்த்துப் பார்த்துச் சொன்னாள். நெளியுது. மடங்குது. ஏழு கோணிக்கிச்சு. ஒவ்வொன்றுக்கும் அவர் சுருங்கட்டும், சுருங்கட்டும் என்றார். நாலாவது நிமிஷம் அவள் சொன்னாள்: "மேல் ஓரம் தூக்கிட்டு நிக்குது. விளிம்புகிட்ட."

"எவ்வளவு?"

"ஒரு நூல் அளவு."

அவர் பிடி தளர்ந்தது. கரண்டி முதுகில் இப்படி மேடான விளிம்பு கிடையாது, அது அவருக்குத் தெரியும். இதுவரை நாற்பது மாதிரி வண்டி, விமானம் என்று செய்தவர், தொடாதே என்று மூன்று தடவை சொன்னவர், பார்க்க முடியாத ஒன்றை நினைத்துப் பதறிவிட்டார். இதுதான் கடைசி. இது போனால் எதுவும் இல்லை. அவளுடைய கையை விட்டுவிட்டு, "லேசா அழுத்திடு. ஓரத்தை மட்டும். காஞ்சா அப்படியே நின்னுடும், அழுத்திடு" என்றார்.

அவள் கட்டைவிரல் துடித்தது நிஜம். உத்தரவே வந்துவிட்டது, இனி தப்பு அவள் தலையில் இல்லை. அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்து.

"மாட்டேன்" என்றாள்.

அவர் தானே விரலை நீட்டித் தடவிக்கொண்டு வந்தார். அவள் அந்தக் கையைப் பிடித்தாள், பிறகு இன்னொன்றையும் பிடித்தாள். அவர் இழுத்தார். அவள் விடவில்லை. துவைத்த கம்பளியைப் பிழிகிற கை அது. அப்படியே இரண்டு பேரும், சண்டைக்காரர்கள் மாதிரி, மேஜைக்குக் குறுக்கே கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எட்டு. பத்து. பன்னிரண்டில் தூக்கி நின்ற ஓரம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அவள் அதை அவரிடம் சொல்லாமல் பிடியை இறுக்கினாள். பதினேழாவது நிமிஷத்தில் ஏழின் கால் நேரானது. இருபத்திரண்டில் வளையம் விளிம்பில் ஏறி, இறங்கி, தகட்டோடு தகடாகப் படுத்துவிட்டது. அவர் கையை விட்டுவிட்டு அவள் வாய்விட்டு அழுதாள். போச்சா என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினாள். அது அவருக்குத் தெரியாது என்பது அப்புறம்தான் நினைவு வந்தது, வாயால் சொன்னாள்.

ராத்திரி முழுக்கக் காயவிட்டு, காலையில் ஈரத்துணியால் ஒற்றித் துடைத்து, சன்னல் வெளிச்சத்தில் அவர் முன்னால் வைத்தாள். இப்போதெல்லாம் அவர் எதையும் முதலில் விரலால்தான் பார்ப்பார். ஆள்காட்டி விரல் முன்சக்கரத்திலிருந்து கிளம்பி, ஆணி ஆணியாக எண்ணிக்கொண்டு வந்தது. கடைசிவரை போனது, திரும்பி வந்தது. முகம் வாடிவிட்டது.

"ஆணிதான் இருக்கு. படத்தை எடுத்துட்டியா?"

"லென்ஸை எடுத்துப் பாருங்க."

கண்ணோடு லென்ஸை ஒட்டி, மூக்கு வண்டியில் இடிக்கக் குனிந்தார். வளையம். பதினேழு. அடியில் நாலு இலக்கம். ஒவ்வொன்றாக, நிறுத்தத்தின் பெயர் சொல்கிற மாதிரி, சத்தமாகப் படித்தார். திரும்பவும் முதலிலிருந்து படித்தார். அவளுக்கு ஏழு பிள்ளை பெற்ற பூரிப்பு.

அவர் லென்ஸை வைத்துவிட்டுக் கண்ணை மூடி மறுபடியும் தடவினார்.

"அவ்வளவு நல்லா ஒட்டியிருக்க" என்றார். "கண்ணு போயிட்டா இது இருக்கிறதே எனக்குத் தெரியாது."

பேச்சை மாற்ற, இடது பக்கத்தைச் சுரண்டிவிடப் போவதாகச் சொல்லி, பிளேடை எடுத்துக்கொண்டு வண்டியைத் திருப்பினாள். அவர் விரல் வண்டியின் மேலேயே இருந்ததால், அதுவும் கூடவே அந்தப் பக்கம் வந்து கிழிசலில் தட்டியது. சுருண்டு காய்ந்த மூன்று துண்டு. வளையத்தின் ஒரு வளைவு, ஏழின் முதுகு, தடித்துப்போன ஒரு மடிப்பு. விரல் நின்றது. பிறகு அதன் மேலேயே மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி வந்தது.

"சுரண்டாதே" என்றார். "அந்தப் பக்கத்தைக் கண்ணு இருக்கிற வரைக்கும் பார்த்துக்கறேன். இந்தப் பக்கம் அதுக்கப்புறம்."

அக்கா பிளேடைக் காகிதத்தில் சுற்றி இழுப்பறையில் போட்டாள். பிறகு கரண்டிகளைச் சுரண்ட உட்கார்ந்தாள், கலக்கக் கரண்டியில்லாமல் டீ ஆறிக்கொண்டிருந்தது.