கண்டம் செய்ய முடியாத போன்

மனித குலம் இதுவரை செய்த இயந்திரங்களில் தேய்மானமே இல்லாதது ஒன்றே ஒன்றுதான். அது நெய்வேலி பதினெட்டாம் பிளாக்கில் ராஜ்மோகனின் சட்டைப் பையில் இருக்கிறது. இந்த உண்மையை உலகுக்கு அறிவித்தவர் ராஜ்மோகனேதான். மைன்ஸில் கன்வேயர் பராமரிப்பில் இருபத்தொன்பது வருடம் ஓட்டிய ஃபோர்மேன் சொன்னால் பிளாக்கில் யாரும் மறுத்துப் பேசுவதில்லை. மறுத்தால் அவர் விளக்க ஆரம்பித்துவிடுவார்.

"பெல்ட்டு கிழிஞ்சா பெல்ட்ட மாத்து. ரோலர் தேஞ்சா ரோலர மாத்து. எவனாச்சும் கன்வேயரையே தூக்கிப் போட்டுட்டு வேற வாங்குவானா? போன் மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?"

அந்த போனுக்கு வயது எட்டு. இரண்டு பேட்டரிகளைப் பார்த்துவிட்டது. கண்ணாடியில் ஓடிய விரிசலை, நெய்வேலியிலிருந்து வடலூர் போகும் ரோடு என்று விருந்தாளிகளுக்குக் காட்டுவார். சார்ஜர் வயரை ஒரு கோணத்தில் வளைத்து, அடியில் தீப்பெட்டியை முட்டுக் கொடுத்தால்தான் சார்ஜ் ஏறும். அந்தக் கோணம் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

டிவி ரிமோட் தொலைந்து மூன்று வருடம் ஆகிறது. டிவியிலிருந்த பொத்தான்கள் அதற்கும் முன்பே உள்ளே போய்விட்டன. போனின் தலையில் இருந்த சின்னக் கறுப்புக் கண்ணை டிவிக்கு நேராக நீட்டித்தான் அவர் சேனல் மாற்றுவார். அவர் செகண்ட் ஷிப்ட் போய்விட்டால், கடைசியாக எந்தச் சேனல் ஓடியதோ அதையே மனைவி திலகவதி படுக்கப் போகும்வரை பார்க்க வேண்டும். பட்டன் போனே போதும் என்று இருப்பவள் அவள். ஜிலேபிக் கெண்டை வளர்ப்பு பற்றி அந்த பிளாக்கிலேயே அதிகம் தெரிந்தவள் அவள் ஆனது இப்படித்தான்.

இப்படி இருக்கையில், பக்கத்துக் குவார்ட்டர்ஸ் குஞ்சிதபாதம் ஒரு புது போன் வாங்கினார். காடாம்புலியூர்க்காரர், பதினாறு வருடம் கான்ட்ராக்டில் கிடந்து, போன வருடம்தான் பெர்மனென்ட் ஆனவர். போனை நேராகத் தெருமுனைப் பிள்ளையார் கோயிலுக்கு எடுத்துப் போய், சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழமும் நசுக்கிக்கொண்டு வந்தார். ராஜ்மோகன் ஒரு வாரம் சிரித்தார்.

"ஏப்பா குஞ்சிதம், போன் என்ன டிப்பர் லாரியா? எந்தச் சக்கரத்துக்கு அடியில பழத்த வெச்ச?"

"உங்களுக்கு நக்கலா இருக்குதுங்கண்ணே. தெருவே பாத்துக்கினு நிக்கிது. கண்ணு படாம இருக்க வேணாங்களா?"

"என் போனப் பாரு. எட்டு வருசத்துல ஒருத்தன் கண்ணு பட்டிருக்குமா?"

"உங்க போன் மேல எவன் கண்ண வெப்பான்?" என்றாள் உள்ளேயிருந்து திலகவதி.

சிக்கல் ஒரு செய்தியாக வந்தது. வரும் ஒன்றாம் தேதியிலிருந்து இந்த போனில் வீடியோ கால் செயலி இயங்காது என்று, போனே தன் வாயால் சொன்னது. மற்ற செயலிகள் போன வருடமே கைகழுவிவிட்டன. இது ஒன்றுதான் பாக்கி இருந்தது.

மகள் எழில்மதி கோயம்புத்தூரில் படிக்கிறாள். கல்லூரி ஹேண்ட்பால் அணியின் கோல் கீப்பர். அணி இறுதிப் போட்டிக்கு வந்திருந்தது. நான்காம் தேதி சனிக்கிழமை மாலை ஆட்டம். ராஜ்மோகன் நேரில் போய்ப் பார்ப்பதாகத்தான் ஏற்பாடு. ஆனால் கன்வேயர் ஷட்டவுன் வேலை அந்த வாரத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. லீவு இல்லை.

"சரிப்பா, வர வேணாம்" என்றாள் எழில்மதி. "ஆனா ஜெயிச்சா மொதல்ல உங்க மூஞ்சியத்தான் நான் பாக்கணும். வீடியோ கால் பண்ணுவேன். அதுக்குள்ள போன மாத்துங்க."

"குரல் போதாதாடா? பல்லு வெளக்குறதக்கூட கூப்புட்டுக் காட்டுறானுங்க ஊர்ல. அந்தக் கூட்டத்துல நாமளும் சேரணுமா?"

"எனக்குப் பல்லு வேணாம். மூஞ்சி வேணும்."

ராஜ்மோகன் முறைப்படி நடப்பவர். மைன்ஸில் ஒரு மோட்டாரை ஓரம்கட்ட வேண்டுமானால் கமிட்டி கூடி, இனி இது ஆகாது என்று மூன்று பேர் கையெழுத்துப் போட்டு, அதைக் கண்டம் செய்ய வேண்டும். ஒருவர் மறுத்தாலும் மோட்டார் ஓடியாக வேண்டும். போனுக்கும் அதே விதி என்று அறிவித்தார். கமிட்டியில் திலகவதி, எழில்மதி, குஞ்சிதபாதம். கோயம்புத்தூரிலிருந்த உறுப்பினர், விசாரணைக்கு உள்ளான பொருளின் ஸ்பீக்கர் வழியாகவே கலந்துகொண்டார்.

"சூடாவுது" என்றாள் திலகவதி. "போன வாரம் மாவுப் பாத்திரத்துமேல வெச்சிருந்தாரு. மாவு சீக்கிரம் பொங்கிருச்சு."

"அது கூடுதல் பயன். எழுதிக்கங்க" என்றார் ராஜ்மோகன்.

"அப்பா, நான் பேசுறது பாதிதான் உங்களுக்குக் கேக்கு..." என்ற இடத்தில் எழில்மதியின் குரல் நின்றுபோனது.

"நெட்வொர்க்" என்றார் ராஜ்மோகன்.

லைன் மறுபடி கிடைத்ததும் பெண்கள் இருவரும் கண்டம் என்றார்கள். எல்லோரும் குஞ்சிதபாதத்தைப் பார்த்தார்கள். அவர் வாசலைப் பார்த்தார். வாசலில் அவருடைய ஸ்கூட்டர் எஞ்சின் பிரிக்கப்பட்ட நிலையில் கிடந்தது. இலவசமாகப் பிரித்தவர் ராஜ்மோகன். மாட்டத் தெரிந்தவரும் அவர்தான்.

"நல்லாத்தானங்க ஓடிக்கினு இருக்குது" என்றார் குஞ்சிதபாதம்.

ஒன்றாம் தேதி செயலி நின்றது. போன் ரிட்டயர் ஆகவில்லை, செயலிதான் ஆகிவிட்டது என்று ராஜ்மோகன் விளக்கம் கொடுத்தார். அன்று சாப்பிடும்போது வழக்கத்தைவிட இரண்டு முறை அதிகமாக அந்தச் செயலியைத் தொட்டுப் பார்த்தார். திலகவதி கவனித்தாள். இன்னொரு தோசை வைத்தாள்.

சனிக்கிழமை ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடித்து ராஜ்மோகன் நேராக பிளாக் மனமகிழ் மன்றத்துக்கு வந்தார். பிளாக்கில் வளர்ந்த பெண் ஃபைனல் ஆடுகிறாள் என்பதால் செயலாளர் மதிவாணன் லேப்டாப்பும் பெரிய திரையும் ஏற்பாடு செய்திருந்தார். நாற்பது நாற்காலி, சுண்டல், எல்லாம் தயார். ப்ரொஜெக்டர் மட்டும் எரியவில்லை. அது கூரையில், தலைக்கு மேல் பன்னிரண்டு அடியில் தொங்கியது. ரிமோட்டைக் காணோம். ஏணி இருந்த அறையின் சாவி வைத்திருந்தவர் திருவதிகைக் கோயிலுக்குப் போயிருந்தார். சாவியும் சாமி கும்பிடப் போயிருந்தது.

"ஆட்டம் ஆரம்பிச்சிருச்சு!" என்று லேப்டாப்பைப் பார்த்து யாரோ கத்தினார்கள். நாற்பது பேர் ஒரு சின்னத் திரையை நோக்கி நகர்ந்ததில் சுண்டல் கவிழ்ந்தது.

"யார் போன்லயாவது ரிமோட்டுக் கண்ணு இருக்குதா?" என்று மதிவாணன் கேட்டார். எல்லோரும் தங்கள் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். குஞ்சிதபாதத்தின் போனில் மூன்று கேமரா இருந்தது, கண் இல்லை. அந்தக் கண்ணுள்ள புது போன் பிளாக்கில் ஒன்று உண்டு. அதன் சொந்தக்காரர் அன்று செகண்ட் ஷிப்டில் இருந்தார்.

ராஜ்மோகன் எழுந்தார். அவசரப்படவில்லை. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, சட்டை நுனியில் ஒரு துடை துடைத்தார். ரிமோட் செயலி திறக்க நாற்பது விநாடி ஆனது. அந்த நாற்பது விநாடியும் மன்றம் மூச்சு விடவில்லை. கையைக் கூரையை நோக்கி நீட்டினார். அமுக்கினார்.

ப்ரொஜெக்டர் பச்சைக் கண் சிமிட்டியது. சுவர் முழுக்க வெளிச்சம் விழுந்தது. வெளிச்சத்தின் நடுவில், கோல் போஸ்டுக்கு முன்னால், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு எழில்மதி நின்றாள், ஏழடி உயரத்தில்.

மன்றம் அலறியது. மதிவாணன் ராஜ்மோகனைக் கட்டிக்கொண்டார். "அண்ணே, தெய்வம்ணே அது!" என்றார் குஞ்சிதபாதம்.

"மெஷின்ப்பா" என்றார் ராஜ்மோகன், அடக்கத்தோடு. "மெயின்டனன்ஸ் பண்ணத் தெரியணும்."

ஆட்டம் முடிய ஒரு நிமிடம் இருந்தபோது எழில்மதியின் அணி ஒரு கோல் முன்னிலை. அப்போது எதிரணிக்கு பெனால்டி கிடைத்தது. எறிய வந்தவள் நல்ல உயரம். பந்து வந்த வேகத்தில் திரையில் அது தெரியவே இல்லை. எழில்மதியின் இடது கால் மேலே போனது மட்டும் தெரிந்தது. பந்து காலில் பட்டு, கம்பத்தில் பட்டு, வெளியே போனது. பிறகு நடந்த எதையும் ராஜ்மோகன் பார்க்கவில்லை. அவர் நாற்காலிமேல் ஏறி நின்றுகொண்டிருந்தார். ஏறியது அவருக்கே தெரியாது.

ஐந்து நிமிடத்தில் அழைப்பு வந்தது. குஞ்சிதபாதத்தின் போனுக்கு.

"பாப்பாங்க! வீடியோ கால்ங்க!" என்று அவர் பின்வரிசையிலிருந்து கத்தினார். ராஜ்மோகன் முன்வரிசை. போன் கை மாறிக் கை மாறி வந்தது. ஒவ்வொரு வரிசையிலும் யாராவது அதை முகத்துக்கு நேரே பிடித்து வாழ்த்துச் சொன்னார்கள். மதிவாணன் மன்றத்தின் சார்பில் சிறு உரை ஆற்றினார். ராஜ்மோகன் கையில் போன் வந்தபோது திரையில் ஒரு காது இருந்தது.

"அப்பா! மெடலுக்குக் கூப்புடறாங்க. அப்பறம்..." காது போய் நெற்றி வந்தது. வியர்த்த நெற்றி, அதில் ஒட்டிய முடி. அதோடு சரி.

ராஜ்மோகன் இருண்ட திரையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே நின்றார். மன்றம் அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை. மதிவாணன் ஸ்கோர் எழுதிய அட்டையைத் திருப்பி, அதன் பின்புறம் பெரிய எழுத்தில் எழுதினார்: ராஜ்மோகன் அண்ணன் போனுக்கு மேலும் ஐந்து வருடம் எக்ஸ்டென்ஷன். நாற்பது பேரும் கையெழுத்துப் போட்டார்கள். குஞ்சிதபாதம் இரண்டு முறை போட்டார். பூக்காரம்மாளிடம் இரண்டு முழம் வாங்கி யாரோ போனுக்குச் சுற்றினார்கள். பேசச் சொன்னபோது ராஜ்மோகன் பேசினார்; பெல்ட், ரோலர், கன்வேயர் எல்லாம் வந்தது. கைதட்டல் ஓயவில்லை.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு அவர் சட்டை மாட்டினார்.

"எங்க?" என்றாள் திலகவதி.

"வடலூர் வரைக்கும். குஞ்சிதம் வண்டிக்கு ஒரு வாஷர் பாக்கணும்."

"வாஷர் வாங்க ஆதார் கார்டு எதுக்கு?"

அவர் ஆதார் கார்டைப் பையில் வைத்துக்கொண்டு, கேள்வி காதில் விழாதவராகப் பஸ் ஏறினார்.

மதியம் இரண்டு மணி. வெயிலில் தெருவில் ஒரு ஆள் இல்லை. பிள்ளையார் கோயில் வாசலில் ராஜ்மோகன் இரண்டு பக்கமும் பார்த்தார். புது போனின் மேல் ஒட்டிய பிளாஸ்டிக் தாள்கூட இன்னும் பிரிக்கப்படவில்லை. தலையில் கறுப்புக் கண் இருக்கிறதா என்று கடைக்காரரிடம் நான்கு முறை கேட்டு வாங்கியது. பழைய போன் இனி டிவிக்கு, திலகவதியின் கையில், நிரந்தரமாக டெபுடேஷன் என்று பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தார். நேற்றைய பூச்சரம் அதன்மேல் இன்னும் இருந்தது.

மாடத்துச் சந்தனத்தை விரலால் தொட்டு போனின் முதுகில் ஒரு பொட்டு வைத்தார். அதன்மேல் குங்குமம். பையிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்தார். எங்கே வைப்பது என்று யோசித்தார். பிறகு செருப்பைக் கழற்றி, பழத்தைப் படிக்கருகே தரையில் வைத்து, போனை அதற்கு நேர் மேலே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வலது காலால் ஒரே மிதி மிதித்தார்.

படியில் உட்கார்ந்து மகளுக்கு வீடியோ கால் போட்டார். இரண்டாவது ரிங்கில் எடுத்தாள். முழு முகம். கழுத்தில் மெடல்.

"அப்பா! புது போனா?" எழில்மதி அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அவர் தலைக்குப் பின்னால் தொங்கிய மணியைப் பார்த்தாள். "கோயில்லயா உக்காந்திருக்கீங்க? அங்க என்ன பண்றீங்க?"

"சும்மாதான்டா" என்றார் ராஜ்மோகன், நசுங்கிய பழத்தைக் காலால் மெல்லப் படிக்கு அடியில் தள்ளிக்கொண்டே.