கழற்றி வைத்த கீச்சுக் கருவி

சின்ன டால்பின் போன்ற கடற்பன்றி ஒன்று படகருகே ஒரே இடத்தில் முங்கி எழுந்துகொண்டிருந்தது. மேலே வந்து 'புஸ்' என்று மூச்சு விடும், மறுபடி அங்கேயே உள்ளே போகும். டென்மார்க்கின் லில்லபெல்ட் நீரிணையில் முப்பது வருடம் வலை போட்ட எஸ்கிலுக்கு, அது இரை தேடவில்லை என்று புரிந்துவிட்டது.

"அக்கா, அதோட குட்டி நம்ம வலையில மாட்டியிருக்கு!"

"பேசாம இழுடா!" என்றாள் விபெகே.

இருவரும் கை எரிய இழுத்தார்கள்.

"கருவியக் கழட்டாதேன்னு தலைபாடா அடிச்சிக்கிட்டேனேடா!"

"அந்தச் சத்தத்தக் கேட்டாலே கடல்நாய்ங்க பந்திக்கு வர்ற மாதிரி வருதுங்க. மீன் தலையத் தவிர என்ன மிஞ்சுச்சு, சொல்லு!"

கடற்பன்றிகளை வலைப்பக்கம் வராமல் விரட்டக் கீச்சிடும் கருவிகள் அவை. போன வாரம்தான் எஸ்கில் அவற்றை வலைகளிலிருந்து கழற்றி வாளியில் போட்டிருந்தான்.

குட்டி மேலே வந்தது. முகமெங்கும் நைலான் அறுத்த கோடுகள். எஸ்கில் அதன் நெஞ்சை அழுத்தினான், உலுக்கினான், மறுபடி அழுத்தினான்.

"விடுடா. அது செத்து ரொம்ப நேரமாச்சு."

தாய் மட்டும் நகரவில்லை. இன்னும் இரண்டு வலைகள் கீழே கிடந்தன. இங்கேயே சுற்றினால் அதுவும் மாட்டும். எஸ்கில் கத்தினான், துடுப்பால் தண்ணீரை அடித்தான். போகவில்லை. கடைசியில் வாளியிலிருந்து ஒரு கருவியை எடுத்துத் தண்ணீரில் இறக்கினான்.

தாய் சட்டென்று திரும்பி ஓடியது. அதன் மூச்சுச் சத்தம் தள்ளித் தள்ளிக் கேட்டு, பிறகு கேட்கவே இல்லை.

கருவி நன்றாகத்தான் வேலை செய்தது.