பத்து மான் நாள்

இப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் வட்டமாக நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். தூக்கம் வரவில்லையா, வட்டம். பெண்டாட்டி ஓடிப்போனாளா, வட்டம். மனதில் இருப்பதைக் கொட்டிவிட்டால் சரியாகிவிடுமாம். கொட்டுவதற்கு அது என்ன கழுநீரா?

எங்கள் மலையூர் சுகாதார நிலையத்துக்கும் அந்த வட்டம் வந்தது. நடத்துகிறவள் நோர்மா, தலைநகரத்தில் மனநலம் படித்த பெண். கூடவே நாள் எண்ணுகிற தியோனிசியா அக்கா. எங்கள் பழைய கணக்கில் ஒரு சுற்றுக்கு இருநூற்று அறுபது நாள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், ஒரு பெயர், பத்து மான் என்பது போல. இன்ன நாள் உன்னை எங்கே தொடுகிறது என்று அக்கா கேட்பாள், ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். மாத்திரையைவிட நல்லதாம்.

நான் குணமாவதற்குப் போகவில்லை. மக்காரியோ போகிறான் என்று கேள்விப்பட்டுப் போனேன்.

ராணுவம் ஊர்க்காரன் கையிலேயே துப்பாக்கியைக் கொடுத்துக் காவல் சுற்ற வைத்த காலத்தில், என் தம்பி ஹசிந்தோவைச் சோளக் காட்டிலிருந்து இழுத்துப் போனார்கள். திரும்பவில்லை. இழுத்தவர்கள் முகத்தில் துணி கட்டியிருந்தார்கள். ஆனால் ஒருவனுடைய நடை மக்காரியோவின் நடை. விசாரிக்க வந்தவர்களிடம் சொன்னேன். அந்த மாதம் முழுக்கக் கடற்கரைத் தோட்டத்தில் பருத்தி எடுத்தேன் என்று அவன் சத்தியம் செய்தான். நாற்பது வருஷமாக அதே சத்தியம். அவன் வாயாலேயே உண்மை வர வேண்டும் என்று காத்திருந்தேன்.

அன்று அக்கா, தூக்கத்தைக் கெடுக்கிற நாள் எது என்று கேட்டாள். ஒருத்தி பிள்ளை செத்த நாளைச் சொன்னாள். மக்காரியோ தொப்பியை மடியில் உருட்டிக்கொண்டே சொன்னான்.

"பத்து மான். அது சுத்தி வர்றப்பல்லாம் மூணு ராத்திரி கண்ணு மூடாதுக்கா. ஏன்னு தெரியல."

எனக்குத் தெரியும். விசாரணைத் தாளில் இருப்பது சர்ச் காலண்டர் தேதி. பழைய கணக்கில் அது பத்து மான் என்று நானும் அம்மாவும் யாரிடமும் சொன்னதில்லை. பருத்தி எடுத்தவனுக்கு அந்த நாளில் என்ன வேலை?

"ஹசிந்தோவ இழுத்துட்டுப் போன நாள்டா அது," என்றேன்.

தொப்பி நின்றது. கடற்கரை என்று ஆரம்பித்தான். தாளில் இருந்த தேதியைச் சொன்னேன்; நோர்மா அதைத் தன் கைபேசியில் பழைய கணக்குக்கு மாற்றி அக்காவிடம் காட்டினாள். பத்து மான்தான் என்றாள் அக்கா.

"கயித்த இறுக்குனது நான்தான்," என்றான் கடைசியில். "கை வலிக்குதுன்னான். நான் தளர்த்தல."

அழுதான். மன்னிப்புக் கேட்டான். அக்கா அவனை ஒரு மெழுகுவர்த்தி ஏற்ற வைத்து, இன்னொன்றை என்னிடம் நீட்டி, அவனுடையதற்குப் பக்கத்தில் ஏற்றச் சொன்னாள். ஏற்றினால் மன்னித்ததாகிவிடும்.

"ஏத்த மாட்டேன்க்கா. இவன் தூங்கக் கூடாது. ஒவ்வொரு பத்து மானுக்கும் வந்து இவன் எதிர்ல உக்காருவேன். காட்டுல ஆரம்பிச்சு கயிறு வரைக்கும் எல்லார் முன்னாடியும் சொல்லணும். சாகுற வரைக்கும்."

"அதுக்கு என்னை இப்பவே கொன்னுடு," என்றான் மக்காரியோ.

"அவ்வளவு லேசுல விட்ருவனா?"

நோர்மா பதறுவாள் என்று நினைத்தேன். அவளோ, தவறாமல் வந்தால் இரண்டு பேருக்குமே சுமை இறங்கும் என்று சொல்லி, அடுத்த பத்து மானுக்கு என் பெயரை நோட்டில் எழுதிக்கொண்டாள். நான் பழிதீர்க்க வருகிறேன், இவள் அதையும் வைத்தியம் என்கிறாள். என் சுமை இறங்கிவிட்டால் அவனை யார் அழுத்துவது? வருவேன், ஆனால் நோயாளியாக இல்லை, எழுதியதை அடித்துவிடு என்றேன். புன்னகைத்தாளே தவிர அடிக்கவில்லை. நாற்காலியைச் சுவரோரம் தள்ளிவிட்டு வெளியே நடந்தேன்.