விளக்கை அணைப்பது என்றால்

அந்தச் சலவைக்கூடத்தில் எல்லோரும் அவளைத் துபாஷி என்றுதான் கூப்பிடுவார்கள். ஓட்டல்களிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, சூடான உருளையில் விட்டுத் தேய்த்து, மடித்து அனுப்புகிற இடம் அது. உருளையிலும் மடிக்கும் மேஜையிலும் நிற்கும் பெண்கள் அத்தனை பேரும் ஒரே சனம். அவர்களுக்கென்று ஒரு பாஷை உண்டு. அதற்கு எழுத்து கிடையாது, பாட்டு மட்டும் ஏராளம். மேனேஜரும் மற்றவர்களும் பேசுவது ஆபீஸ் பாஷை. துபாஷியும் அதே சனத்தில் பிறந்தவள்தான், ஆனால் இரண்டு பாஷையும் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. அதனாலேயே சூப்பர்வைசர் ஆனாள். மேலே சொன்னதை அப்படியே கீழேயும், கீழே சொன்னதைக் கொஞ்சம் சர்க்கரை தடவி மேலேயும் கொண்டுபோய்ச் சேர்ப்பாள்.

வம்பு ஒரு அறிவிப்பில் ஆரம்பித்தது. இனி கூடத்துக்குள் ஆபீஸ் பாஷையில் மட்டுமே பேச வேண்டும் என்று சுவரில் ஒட்டினார்கள். ஏற்கெனவே சாப்பாட்டு அறையில் அந்தப் பெண்களுக்கு இடமில்லை. பாய்லருக்குப் பின்னால் உள்ள படிக்கட்டில் உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும். அதையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தவர்கள், வாயையும் கட்டச் சொன்னதும் பொங்கிவிட்டார்கள்.

முதலில் எழுந்தது துபாஷியின் அண்ணி. அண்ணன் பெண்டாட்டி என்று பெயர்தானே தவிர, இருவரும் ஒரே வீட்டில் அக்கா தங்கை மாதிரி வளைய வந்தவர்கள். "பேசக்கூடாதுன்னுதானே ஒட்டியிருக்காங்க? பாடக்கூடாதுன்னு இல்லையே!" என்று அண்ணி உருளைக்குப் பக்கத்தில் நின்று ஒரு பாட்டை எடுத்துவிட்டாள். கூடமே சேர்ந்துகொண்டது. தினமும் புதிதாக ஒரு அடி கட்டுவார்கள். மேனேஜரின் நடை, அவர் மூக்கு, அவர் வீட்டு நாய், எதுவும் தப்பவில்லை.

துபாஷி மட்டும் பாடவில்லை. மூட்டைகளைச் சரிபார்ப்பது போல ஒதுங்கி நின்றாள். அதைப் பார்த்த அண்ணி ஒரு நாள் காலை, கூடமே கேட்க, "எங்க வீட்டுத் துபாஷிக்கு நாக்கு ரெண்டு. முதுகெலும்புதான் ஒண்ணு கூட இல்லை!" என்றாள். எல்லோரும் குலுங்கக் குலுங்கச் சிரித்தார்கள். விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் துபாஷிக்கு முகம் சுண்டிப்போயிற்று.

அன்றைக்குப் பார்த்து மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். வழக்கமாகக் கதவோரம் நிற்க வைத்தே பேசுகிறவர், அன்று நாற்காலியைக் காட்டி, "உட்காரும்மா. இவங்க என்னதான் பாடுறாங்க? கொஞ்சம் சொல்லேன்" என்றார்.

அவள் சொன்னாள். மூக்கைப் பற்றிய அடியைப் பதமாக மாற்றிச் சொன்னாள், அவரே சிரித்துவிட்டார். தன் பேச்சை அவர் இப்படிக் காது கொடுத்துக் கேட்டது அதுவே முதல் தடவை. அவளுக்கு உச்சி குளிர்ந்தது. பிறகு கடைசி அடி வந்தது.

"பெரியவர் விளக்கை அணைப்போம், பொண்ணுங்களே வாங்க."

அவர்கள் பாஷையில் ஒருவருடைய விளக்கை அணைப்பது என்றால், அவர் கொடுத்த வேலையை முடித்துவிட்டு வீட்டுக்குக் கிளம்புவது. குழந்தைகூட அப்படித்தான் சொல்லும். 'வேலை முடிந்தது, வீட்டுக்குப் போவோம்' என்று சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தாள். காலையில் கேட்ட சிரிப்புச் சத்தம் காதுக்குள் வந்தது. வார்த்தைக்கு வார்த்தை அப்படியே எடுத்து வைத்தாள். ஆபீஸ் பாஷையில் அதற்கு ஆளைத் தீர்த்துக்கட்டுவது என்றுதான் அர்த்தம்.

மேனேஜரின் சிரிப்பு நின்றது. "என்னது? இன்னொரு தடவை சொல்லு."

முதல் தடவை வாய் தவறிற்று என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது தடவையும் அவள் அதையேதான் சொன்னாள்.

மறுநாள் அண்ணியை வேலையை விட்டு நீக்கினார்கள். நிர்வாகிக்குக் கொலை மிரட்டல் விட்டாள் என்பது காரணம். "அப்படி இல்லை, அப்படி இல்லை" என்று தனக்குத் தெரிந்த அரைகுறை ஆபீஸ் பாஷையில் அண்ணி சொல்லிப் பார்த்தாள். யார் கேட்டார்கள்? பெண்கள் உருளைகளை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். உள்ளே ஈர விரிப்புகள் மலையாகக் குவிந்து நாற ஆரம்பித்தன.

வீட்டில் துபாஷிக்குச் சோறு இறங்கவில்லை. அண்ணியோ தட்டை அவள் பக்கம் நகர்த்தி வைத்து, "நல்லா சாப்பிடுடி. உன்னையும் கூப்பிட்டுக் கேட்டாங்களா? கேட்டா எதுவும் தெரியாதுன்னு சொல்லிடு. உன் வேலையாவது நிக்கட்டும்" என்றாள். கூடத்தில் கேலி செய்ததற்கும் வருத்தப்பட்டாள். "அன்னைக்கு ஏதோ வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். மனசுல வெச்சுக்காதே."

"அதெல்லாம் ஒண்ணுமில்லை அண்ணி" என்றாள் துபாஷி. உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று எத்தனையோ தடவை அடுக்களை வாசல் வரை போனாள். போன காலோடு திரும்பினாள். அண்ணன் குறும்பாக, "என்னடி, அடுப்பைக் காவல் காக்கிறியா?" என்றான்.

கடைசியில் தொழிலாளர் துறையிலிருந்து விசாரணைக்கு ஒரு அம்மாள் வந்தார். பாஷை தெரியாதவர் என்பதால் இடையில் சொல்ல ஒரு ஆள் வேண்டும். துபாஷியே இருக்கட்டும் என்றது நிர்வாகம். துபாஷியே இருக்கட்டும் என்றார்கள் பெண்களும். இரண்டு தரப்பும் அவளைத் தங்கள் ஆள் என்று நம்பின. உள்ளே நுழையும்போது மேனேஜர் மெல்ல, "அன்னைக்குச் சொன்னதையே சொன்னாப் போதும்" என்றார்.

அண்ணி எழுந்து நின்று, அவசரப்படாமல் பேசினாள். "எங்க பாட்டை யாரோ போட்டுக் கொடுத்திருக்காங்க. பாஷை தெரியாதவங்க சொல்லியிருந்தா விட்டுடலாம். தெரிஞ்சவங்க சொல்லியிருந்தா, அவங்க வீட்டு ஆளுங்களை நினைச்சா எனக்குப் பாவமா இருக்கு."

அதைத் துபாஷிதான் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். "அவங்க வீட்டு ஆளுங்க" என்ற இடத்தில் குரல் உடைந்தது. ஆனாலும் விடாமல் முடித்தாள்.

"சரி, விளக்கை அணைப்பது என்றால் என்ன?" என்று கேட்டார் அதிகாரி அம்மாள்.

"வேலையை முடிச்சிட்டு வீட்டுக்குக் கிளம்புறதும்மா. வேற அர்த்தம் கிடையாது."

மேனேஜர் எழுந்துவிட்டார். "பொய்! என்கிட்ட இவ வேற மாதிரி சொன்னா!"

"ஆமாம், சொன்னேன்" என்றாள் துபாஷி. "அர்த்தம் தெரிஞ்சேதான் சொன்னேன். அண்ணி மேல இருந்த கோபத்துல சொன்னேன்."

அதை ஆபீஸ் பாஷையில் சொன்னதால் பெண்களில் பலருக்குப் புரியவில்லை. "என்ன சொல்றா? என்ன சொல்றா?" என்று ஒருத்தியை ஒருத்தி இடித்துக் கேட்டார்கள். அதிகாரி அம்மாள், "அவங்களுக்கும் சொல்லுங்க" என்றார். அவள் திரும்பி நின்று, தாய் வாயிலிருந்து கற்ற பாஷையில் அதையே மறுபடி சொன்னாள். எல்லோரும் அண்ணியைப் பார்த்தார்கள். அண்ணி தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணிக்கு வேலை திரும்பக் கிடைத்தது. அறிவிப்பைக் கிழித்தார்கள். சாப்பாட்டு அறையும் திறந்தது. முதல் நாள் உள்ளே போன பெண்கள் நாற்காலிகளை உட்கார்ந்து உட்கார்ந்து சோதித்து, "இதுக்கா இவ்வளவு பாடு? படிக்கட்டே மேல்!" என்று சிரித்தார்களாம். துபாஷியை மூட்டை பிரிக்கும் இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். அவள் மறுத்துப் பேசவில்லை. கறை படிந்த விரிப்புகளைத் தனியாக எடுத்துப் போட்டுக்கொண்டே, சுவருக்கு அந்தப்பக்கம் எழும் பாட்டைக் கேட்பாள். 'நீயும் பாடு' என்று யாரும் சொல்லவில்லை. பாடாதே என்றும் சொல்லவில்லை. வாய் தானாகவே மூடிக்கொண்டது.

வீட்டில் சண்டை நடக்கவில்லை. அண்ணன்தான் ஒரு நாள், "ரெண்டு பேரும் கத்தியாவது தொலைங்களேன்!" என்று தலையில் அடித்துக்கொண்டான். அண்ணி வழக்கம் போலச் சமைத்தாள், துபாஷியின் துணியையும் சேர்த்தே காயப்போட்டாள். பேச்சு மட்டும் மாறிவிட்டது. அண்ணனிடமும் அக்கம்பக்கத்திலும் தங்கள் பாஷையில் வாய் ஓயாமல் பேசுகிறவள், துபாஷியிடம் மட்டும் ஆபீஸ் பாஷையில் பேசினாள். தட்டுத்தடுமாறி, ஒவ்வொரு சொல்லையும் தேடி எடுத்துப் பேசினாள்.

"உணவு தயாராக இருக்கிறார்கள். நீங்கள் வரவும்" என்றாள் ஒரு மாலை, தட்டை வைத்துவிட்டு.

பிழையைத் திருத்தத்தான் துபாஷியின் நாக்கு முதலில் புரண்டது. அதை அடக்கிக்கொண்டு, "இதோ வர்றேன் அண்ணி" என்று தங்கள் பாஷையில் சொன்னாள்.

அண்ணி தலையை மட்டும் ஆட்டினாள். குழம்பை ஊற்றி, "போதுமா?" என்று மறுபடியும் ஆபீஸ் பாஷையில்தான் கேட்டாள்.